ஜவுளிக்கடை மார்க்கெட்டிங் டீமுக்கு எந்த புராஜெக்ட் சாஃப்ட்வேர் எடுக்கலாம்?

பட்டும்பருத்தியும்

வணக்கம். சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மார்க்கெட்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மெயின் கடை இங்கே, ஆத்தூரிலும் நாமக்கல்லிலும் கிளை உண்டு. என்னையும் சேர்த்து ஒன்பது பேர். டிசைனர் இருவர், வீடியோ எடிட்டர் ஒருவர், இன்ஸ்டாகிராம் வகையறா பார்ப்பவர் ஒருவர், விளம்பர வாசகம் எழுதுபவர் ஒருவர், பத்திரிகை, எஃப்.எம்., ஃப்ளெக்ஸ் எல்லாம் வெளியே பேசி முடிப்பவர் ஒருவர், கிளைக்கு ஓர் ஆள்.

இதுவரை வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரு கூகுள் ஷீட்டிலும் வண்டி ஓடியது. ஆடித் தள்ளுபடியில் அது பல்லை இளித்துவிட்டது. பட்டுக்கு 20 சதவீதம் என்று டிசைன் முடிந்து பிடிஎஃப் குரூப்பில் போனது. இரவு முதலாளி வாய்ஸ் நோட்டில் "பட்டுக்குப் பதினைந்து போதும்" என்றார். சேலத்தில் மாற்றிவிட்டோம். ஆத்தூர்க் கிளைக்காரர் மதியமே பழைய பிடிஎஃப்பை அங்குள்ள அச்சகத்துக்குக் கொடுத்திருந்தார். மறுநாள் பன்னிரண்டடி நீளம், எட்டடி உயர ஃப்ளெக்ஸில் 20 என்று தொங்குகிறது, பில்லில் 15 விழுகிறது. வாடிக்கையாளர்கள் போர்டைப் போட்டோ எடுத்துவந்து கவுன்ட்டரில் நீட்டினார்கள். கடைசியில் ஆத்தூரில் மட்டும் 20 கொடுத்துச் சமாளித்தோம்.

தீபாவளிக்குள் ஒழுங்காக ஏதாவது வேண்டும். யார் கையில் எந்த வேலை, என்றைக்குள் முடிய வேண்டும், யார் சரி சொன்னார்கள், இந்த மூன்றும் தெரிந்தால் போதும். மாதம் ஐந்தாறாயிரம் வரை செலவு செய்யலாம். ஒரு விஷயம்: முதலாளி புதிதாக எந்த ஆப்பையும் போனில் ஏற்ற மாட்டார்.

ஜவ்வரிசி

கடைசி வரியை முதலிலேயே எழுதியிருந்தால் இந்த விவாத இழை இத்தோடு முடிந்திருக்கும்.

சூரமங்கலம்_ஐடி

ஜவ்வரிசி அண்ணன் ஆரம்பித்துவிட்டார். மேடம், சந்தையில் இருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

டிரெல்லோ: கார்டை இழுத்து அடுத்த வரிசையில் போடும் போர்டு. 2011இல் வந்தது, 2017இல் அட்லாசியன் என்ற சாஃப்ட்வேர் கம்பெனி வாங்கியது. சொல்லித்தர அரை மணி நேரம் போதும். இலவசத்தில் ஒரு வொர்க்ஸ்பேஸுக்குப் பத்து பேர்தான். நீங்கள் ஒன்பது, தப்பித்தீர்கள்.

ஆசானா: ஒரே வேலையைப் பட்டியலாக, போர்டாக, காலண்டராகப் பார்க்கலாம். மார்க்கெட்டிங் ஆட்கள் அதிகம் விரும்புவது. ஒப்புதல் கேட்பது, படத்தின் மேலேயே புள்ளி வைத்துத் திருத்தம் எழுதுவது போன்றவை மேல் பிளானில்தான் வரும்.

மண்டே: வண்ண வண்ணமாக இருக்கும், நிர்வாகிகளுக்குப் பிடிக்கும். சீட்டை, அதாவது ஓர் ஆளுக்கான உரிமத்தை, ஒவ்வொன்றாக விற்க மாட்டார்கள், கட்டுக்கட்டாகத்தான். ஒன்பது பேருக்குப் பத்து சீட் எடுக்க வேண்டும்.

கிளிக்அப்: கேட்டது எல்லாம் இருக்கும். அதுவே அதன் தொல்லையும். செட்டிங்ஸைத் திறந்தால் வெளியே வர வழி தெரியாது.

பேஸ்கேம்ப்: 2004இலிருந்து இருக்கிறது, எளிமையானது. எத்தனை பேர் வந்தாலும் ஒரே தொகை என்ற பிளான் உண்டு, ஆனால் ஆண்டுக்கட்டணமாகக் கட்டினாலே மாதம் 299 டாலர் ஆகிறது. ஐம்பது பேர் இருந்தால் யோசிக்கலாம்.

ஜோஹோ புராஜெக்ட்ஸ்: நம் ஊர்க் கம்பெனி, ரூபாயில் பில். யாருக்கு எத்தனை மணி நேரம் போனது என்பது டைம்ஷீட்டில் வரும், எது முடிந்தால் எது தொடங்கும் என்பது கான்ட் சார்ட்டில், அதாவது வேலைகளைத் தேதி வாரியாகப் பட்டை பட்டையாகக் காட்டும் படத்தில், வரும்.

ஜிரா பக்கம் போகாதீர்கள். அது சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு. என் ஓட்டு ஜோஹோவுக்கு.

கோரல்டிராக்_கைகள்

டிசைனர் தரப்பில் இருந்து ஒரு குரல். எதை வாங்கினாலும் திருத்தம் எங்கே வரும் என்பதை முடிவு செய்துவிட்டு வாங்குங்கள். நான் முன்பு இருந்த இடத்தில் ஆப் வந்தது. வந்த பிறகு திருத்தம் ஆப்பிலும் வரும், வாட்ஸ்அப்பிலும் வரும், மெயிலிலும் வரும், பக்கத்துச் சீட்டில் இருந்து வாயாலும் வரும். முன்பு ஓர் இடத்தில் தேடினேன், அப்புறம் நாலு இடத்தில் தேடினேன்.

ஐந்துரோடு_ஏஜென்சி

ஐடி தம்பி சொன்ன பட்டியல் சரிதான், ஆனால் அதை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது. இந்த ஆப்களில் எதை எடுத்தாலும் கார்டு உண்டு, தேதி உண்டு, பெயர் உண்டு. அந்த மட்டத்தில் எல்லாம் ஒன்றுதான். உங்கள் ஆத்தூர் ஃப்ளெக்ஸ் தேதி தவறியதால் கெடவில்லை. டிசைனர் சோம்பலாலும் கெடவில்லை. எது கடைசி டிசைன், அதற்கு யார் சரி சொன்னார் என்பது ஆத்தூருக்குத் தெரியவில்லை. அதனால் சாஃப்ட்வேரை ஒப்புதல் பக்கத்தில் இருந்து தேடுங்கள், காலண்டர் பக்கத்தில் இருந்து வேண்டாம்.

நாங்கள் சின்ன விளம்பர ஏஜென்சி. கொலுசுக் கடை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, சேகோ ஆலை என்று கலவையான வாடிக்கையாளர்கள். ஒருவர்கூட எங்கள் ஆப்பைத் திறக்க மாட்டார்கள். திறப்பார்கள் என்று நம்பி விலை உயர்ந்த பிளான் வாங்கினால் அது எங்களுக்குள் மட்டும் ஓடும். ஆகவே இப்படி வைத்திருக்கிறோம்.

போர்டில் ஆறு வரிசை: வந்தது, வாசகம், டிசைன், ஒப்புதலுக்கு, அச்சுக்கு அல்லது பதிவுக்கு, முடிந்தது. ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் எண். டிசைன் பிடிஎஃப்பின் பெயரில் அந்த எண்ணும் எத்தனையாவது திருத்தம் என்பதும் இருக்கும், உதாரணமாக 214_3. பிடிஎஃப்பின் கீழ்மூலையிலும் அதே எண்ணைச் சின்னதாகப் போடுவோம், அச்சுக்கு வெளியே விழும்படி. முதலாளிக்கு வாட்ஸ்அப்பில்தான் போகும், ஆனால் ஒரே ஒரு ஆள் கையில் இருந்து போகும். அவர் சரி என்றால் அந்த ஆள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து கார்டில் ஒட்டுவார். வாய்ஸ் நோட் வந்தால் கேட்டு, இரண்டு வரியில் எழுதித் திருப்பி அனுப்பி, "இதுதானே அண்ணா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் கார்டு நகரும். ஒட்டு இல்லாத கார்டு அச்சு வரிசைக்குப் போகாது. போனால் சண்டை என்னோடு.

பார்க்கக் கட்டுப்பெட்டித்தனமாக இருக்கும். இதற்கு டிரெல்லோ போதும், ஜோஹோவும் போதும், சுவரில் ஒட்டும் சீட்டுகூடப் போதும்.

சூரமங்கலம்_ஐடி

ஏஜென்சி அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன். ஸ்கிரீன்ஷாட் ஒட்டுவது மனித வேலை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் நாளுக்கு இருபது டிசைன் போகும்போது அந்த ஒற்றை ஆள் சாப்பிடப் போனால் எல்லாம் நிற்கும். "ஒப்புதலுக்கு" வரிசையில் கார்டு விழுந்தவுடன் மெயில் போகிற மாதிரி ஒரு விதி எழுதலாமே. டிரெல்லோ இலவசத்திலேயே மாதம் 250 தானியங்கி ஓட்டம் கிடைக்கிறது.

ஐந்துரோடு_ஏஜென்சி

மெயிலைத் திறக்கும் முதலாளியைக் காட்டுங்கள் தம்பி, நாளைக்கே விதி எழுதுகிறேன். ஒற்றை ஆள் சாப்பிடப் போனால் நிற்கும் என்பது உண்மை. அதற்கு மாற்று ஆள் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜவ்வரிசி

நான் ஏற்றுமதிப் பக்கம் இருக்கிறேன், மார்க்கெட்டிங் எனக்குப் பாதி வேலை. ஒன்பது பேருக்கு கூகுள் ஷீட் ஏன் போதாது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. வரிசைக்கு ஒரு வேலை, நிரலில் பெயர், தேதி, நிலை. வடிகட்டினால் அவரவர் வேலை வந்துவிடும். யாருக்கும் பாஸ்வேர்டு கிடையாது, சந்தா கிடையாது. அவர்களிடம் ஏற்கெனவே இருந்த ஷீட்டை யாரும் நிரப்பவில்லை. புது ஆப்பை மட்டும் நிரப்பிவிடுவார்களா?

பட்டும்பருத்தியும்

நியாயமான கேள்விதான். ஷீட்டை நான் மட்டும் நிரப்பினேன், திங்கள்கிழமை காலையில். செவ்வாய்க்கிழமையே அது பழசாகிவிடும். ஆனால் அதற்கு ஒரு காரணம் உண்டு. ஷீட் எல்லோரிடமும் கம்ப்யூட்டரில்தான் ஒழுங்காகத் திறக்கிறது. வெளி வேலை பார்ப்பவரும் கிளை ஆட்களும் நாள் முழுக்கப் போனில்தான் இருக்கிறார்கள். போனில் இருபது நிரல் உள்ள ஷீட்டை வலது பக்கம் தள்ளித் தள்ளிப் பார்த்தால் எந்த வரி என்பதே மறந்துபோகிறது.

கோரல்டிராக்_கைகள்

ஷீட்டில் இன்னொரு தொல்லை, பேச்சு ஒட்டாது. "சிவப்பு இன்னும் அடர்த்தியாக வேண்டும்" என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? கார்டில் என்றால் கீழே வரிசையாக நிற்கும், பக்கத்தில் படமும் இருக்கும்.

அப்புறம் இந்த ஊரில் இருக்கிற ஒரு சிக்கலை யாரும் சொல்லவில்லை. வாசகம் எழுதுபவர் யூனிகோடில், அதாவது போனிலும் கம்ப்யூட்டரிலும் பொதுவாக ஓடும் எழுத்துமுறையில், எழுதுவார். பல அச்சகங்கள் இன்னும் பாமினி வகை பழைய எழுத்துருவில்தான் கோரல்டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேரில் வேலை செய்கின்றன. கார்டில் இருந்து நகலெடுத்து ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும், எழுத்துரு மாற்றியில் போட்டு எடுக்க வேண்டும். அப்போது ₹ காணாமல் போகும். அந்தக் குறியே 2010இல்தான் வந்தது, பாமினி அதற்கு மூத்தது. மேற்கோள் குறிகளும் கோணல்மாணலாகும். தள்ளுபடி விளம்பரத்தில் விலை எழுதும் இடத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே அச்சகத்துக்கு எழுத்தாக எதையும் அனுப்பாதீர்கள். எழுத்தை வளைகோடாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வடிவமாக, மாற்றிய பிடிஎஃப் மட்டும் போகட்டும். மாற்றம் இருந்தால் அது உங்கள் டிசைனரிடமே திரும்பி வரட்டும், அச்சகத்தில் உட்கார்ந்து திருத்தும் பழக்கம் வேண்டாம்.

கோப்பின் அளவையும் பாருங்கள். டிரெல்லோ இலவசத்தில் ஒரு கோப்பு 10 எம்பி, காசு கட்டினால் 250 எம்பி. பன்னிரண்டு அடி ஃப்ளெக்ஸின் மூலக்கோப்பு அதையும் தாண்டும்.

ஐந்துரோடு_ஏஜென்சி

மூலக்கோப்பை எந்த ஆப்பிலும் ஏற்றாதீர்கள், கூகுள் டிரைவில் வையுங்கள். டிரைவில் பலர் பயன்படுத்தாத ஒரு வசதி உண்டு. ஏற்கெனவே பகிர்ந்த பிடிஎஃப்பை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டியதில்லை. அதே கோப்பின் மேல் புதிய பதிப்பை ஏற்றலாம், லிங்க் மாறாது. ஆத்தூர் அச்சகத்துக்கு லிங்க் ஒன்றே ஒன்று கொடுங்கள். அவர் எப்போது இறக்கினாலும் கடைசி டிசைன்தான் வரும். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாக அனுப்பினால் அது அவர் போனிலேயே தங்கி, அடுத்த வருடம்கூட அச்சாகும். பழைய பதிப்பு 30 நாளில் தானாகப் போய்விடும், வேண்டும் என்றால் நிரந்தரமாக வைத்திரு என்று குறித்துவிடுங்கள்.

பட்டும்பருத்தியும்

இது ஒன்றே இந்த இழைக்குப் போட்ட நேரத்துக்கு ஈடாகிவிட்டது அண்ணா. கிளைக்காரர் கையில் பிடிஎஃப்பே இருக்கக் கூடாது என்று இப்போதுதான் புரிகிறது.

வரவுசெலவு

கணக்குப் பக்கம் யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

வெளிநாட்டுக் கம்பெனியிடம் வாங்கினால் பில் டாலரில் வரும், பெரும்பாலும் ஜிஎஸ்டி போடாமல். அதனால் வரி இல்லை என்று அர்த்தமில்லை. ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை என்பதால் 18 சதவீதத்தை நீங்களே தலைகீழ் முறையில் கட்டி, பிறகு உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ள வேண்டும், அதாவது கடை கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள வேண்டும். காசு பெரிதாகப் போகாது, ஆனால் ரிட்டர்னில் காட்ட மறந்தால் பிறகு வட்டியோடு வரும். வாங்கும்போதே ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துவிடுங்கள். ஜோஹோ மாதிரி இங்கே பில் போடுகிறவர்களிடம் இந்தச் சுற்று இல்லை.

இரண்டாவது, பணம் கட்டும் வங்கிக் கார்டு. மாதாமாதம் தானாகப் பிடிப்பதற்கு ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபரில் இருந்து இருக்கிறது. 2022 முதல் 15,000 ரூபாய் வரை முதல் முறை அனுமதி கொடுத்தால் போதும், அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்கும். டிரெல்லோவின் முதல் கட்டணப் பிளான் மாதச் சந்தாவாக ஆளுக்கு 6 டாலர், ஆண்டுச் சந்தாவாகக் கட்டினால் 5. ஒன்பது பேருக்கு மாதம் 54 டாலர், ஐந்தாயிரத்தை ஒட்டி வரும், மேலே அந்த 18 சதவீதம். ஆண்டுக்கு 540 டாலர் மொத்தமாகக் கட்டினால் 15,000 வரம்பைத் தாண்டிவிடும். கார்டு முதலாளி பெயரில் இருக்கும், ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகும், அவர் அன்றைக்குச் சூரத்தில் சரக்கு பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் வங்கி வெளிநாட்டுத் தானியங்கிப் பிடித்தத்தை ஏற்கிறதா என்பதையும் முதலிலேயே கேளுங்கள்.

ஜவ்வரிசி

ஷீட்டுக்கு ஓ.டி.பி. கிடையாது என்பதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

மலைக்காபி

ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதிக்கு மார்க்கெட்டிங் பார்க்கிறேன். நாங்கள் மூன்றே பேர். ஒருவர் மலை மேலே, இருவர் கீழே சேலம் ஹஸ்தம்பட்டியில். மழைக்காலத்தில் மேலே சிக்னல் விட்டுவிட்டு வரும், அதனால் எங்களுக்கு இருந்த ஒரே நிபந்தனை, நெட் இல்லாதபோதும் போன் ஆப்பில் எழுத முடிய வேண்டும், நெட் வந்ததும் சேர்ந்துகொள்ள வேண்டும். டிரெல்லோவின் போன் ஆப்பில் அது முடிகிறது. அதோடு தேடுவதை நிறுத்திவிட்டோம்.

உங்களுக்குச் சொல்ல வந்தது வேறு. எங்கள் வருடம் முழுக்க ஏப்ரல், மே மாதங்களைச் சுற்றித்தான். கோடை விழா, மலர்க் கண்காட்சி, பள்ளி விடுமுறை, எல்லாம் வருடா வருடம் அதே வரிசையில் வரும். அதனால் போன வருடப் போர்டை அப்படியே நகலெடுத்து, தேதியை மட்டும் மாற்றிக்கொள்கிறோம். "அறைப் படங்களைப் புதிதாக எடு", "ஊர்திக் கட்டண அட்டையைச் சரிபார்" என்று நினைவில் நிற்காத சின்னச் சின்ன வேலை எல்லாம் அதிலேயே இருக்கிறது. ஜவுளிக்கடைக்கும் அப்படித்தானே? பொங்கல், சித்திரை, ஜூனில் சீருடை, ஆடி, முகூர்த்தம், தீபாவளி. முதல் வருடம் கஷ்டப்பட்டு எழுதுவது அடுத்த வருடத்துக்குத்தான் பலன் தரும். ஆகவே எதை வாங்கினாலும் போர்டை நகலெடுக்க முடிகிறதா, எல்லாவற்றையும் வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள்.

சூரமங்கலம்_ஐடி

வெளியே எடுப்பது பற்றி: டிரெல்லோ எல்லாப் பிளானிலும் ஜேசன் கோப்பாகத் தரும், அதை நீங்கள் படிக்க முடியாது. எக்செலில் திறக்கிற சிஎஸ்வி பிரீமியம் பிளானில்தான்.

இன்னொன்று, இது மிக முக்கியம். கணக்கை யாருடைய சொந்த ஜிமெயிலிலும் தொடங்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் ஆர்வக்கோளாறில் ஒரு பையன் தன் மெயிலில் தொடங்கினான். அவன் வேலையை விட்டுப் பெங்களூரு போன பிறகு நிர்வாகி அனுமதி யாரிடமும் இல்லை. அவனைக் கெஞ்சி வாங்க வேண்டியதாயிற்று. கடையின் டொமைனில் பொதுவாக ஒரு மெயில் உண்டாக்கி, அதில் தொடங்குங்கள்.

பட்டும்பருத்தியும்

எல்லோருக்கும் நன்றி. ஆவணி முகூர்த்தப் பட்டு விளம்பரத்தை இரண்டு ஆப்பில் நிஜமாகவே ஓட்டிப் பார்த்தோம், பாதி வேலை டிரெல்லோவில், பாதி ஜோஹோ புராஜெக்ட்ஸில். பார்த்ததைச் சொல்கிறேன்.

ஜோஹோவில் எனக்கு வேலை எளிது. ஷூட் இரண்டு நாள் தள்ளிப்போனால் பின்னால் இருக்கும் டிசைன், ஒப்புதல், அச்சு எல்லாம் எங்கே போய் முட்டுகிறது என்று பட்டை பட்டையாகக் காட்டுகிறது. தீபாவளி தேதி நகராதே, அதனால் பின்னால் இருந்து எண்ணிக்கொண்டு வர அது நல்ல உதவி. ஆனால் நாமக்கல் கிளைக்காரர் திறந்து பார்த்து, "அக்கா, இதில் நான் எங்கே இருக்கிறேன்?" என்று போன் போட்டார். டிரெல்லோவில் அந்தக் கேள்வி வரவில்லை. வெளி வேலை பார்ப்பவர் முதல் நாளே ஃப்ளெக்ஸ் கட்டிய போட்டோவைக் கார்டில் ஏற்றிவிட்டார், யாரும் சொல்லித் தரவில்லை.

எதிர்பாராத சிக்கல் ஒன்று. ஒருவர் "முகூர்த்தம்" என்று எழுதுகிறார், இன்னொருவர் அதையே ஆங்கில எழுத்தில் தட்டுகிறார், மூன்றாமவர் வேறு எழுத்துக்கூட்டலில். தேடினால் பாதி கார்டு வருவதில்லை. கார்டு தலைப்பு தமிழில்தான், எண் கட்டாயம் என்று சொல்லிவிட்டேன். எண்ணைத் தேடினால் எப்படியும் வந்துவிடும்.

முதலாளியிடம் ஏஜென்சி அண்ணன் சொன்னபடிதான். வாய்ஸ் நோட் வந்தது, எழுதித் திருப்பி அனுப்பினேன். "அதைத்தானே சொன்னேன்" என்று எரிச்சலாக ஒரு பதில். அதையும் கார்டில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

கோரல்டிராக்_கைகள்

அந்தப் பதிலைச் சட்டம் போட்டு மாட்டலாம் மேடம்.

ஐந்துரோடு_ஏஜென்சி

டிசைனர் இருவரையும் கேட்டீர்களா? அவர்கள் ஓட்டுத்தான் எடை அதிகம். நாள் முழுக்க அதில் இருக்கப்போவது அவர்கள்.

பட்டும்பருத்தியும்

கேட்டேன். ஒருவர் டிரெல்லோ. இன்னொருவர் "எதுவானாலும் சரி, இரவு ஒன்பது மணிக்கு மேல் நோட்டிஃபிகேஷன் வராத மாதிரி செய்து கொடுங்கள்" என்றார்.

சூரமங்கலம்_ஐடி

அது போன் செட்டிங்கிலேயே முடியும், ஆப் வாரியாக நேரம் வைக்கலாம். சரி, என் ஓட்டு தோற்றது. ஆனால் உங்களுக்கு மட்டும் அந்தப் பட்டைப் படம் வேண்டும் என்றால் டிரெல்லோ பிரீமியத்தில் டைம்லைன் காட்சி உண்டு. பிளான் மாற்றினால் ஒன்பது பேருக்கும் சேர்த்து மாறும், உங்களுக்கு மட்டும் என்று வாங்க முடியாது. அதைவிட தீபாவளிக் கால அட்டவணையை ஒரு ஷீட்டில் பின்னோக்கிப் போட்டு, லிங்கைப் போர்டில் ஒட்டுங்கள்.

ஜவ்வரிசி

ஆக, ஷீட்.

வரவுசெலவு

தீபாவளி முடியும்வரை மாதச் சந்தாவே போதும். ஆளுக்கு ஒரு டாலர் கூடத்தான், ஆனால் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம், ஓ.டி.பி. தொல்லையும் இல்லை. முதல் பில் வந்ததும் உங்கள் ஆடிட்டருக்கு ஒரு நகல் அனுப்பிவிடுங்கள்.

பட்டும்பருத்தியும்

மாதச் சந்தாதான் எடுக்கிறோம், டிரெல்லோ, ஒன்பது பேர், கடையின் பொது மெயிலில். ஆத்தூர் அச்சகத்துக்கு டிரைவ் லிங்க் அனுப்பியாயிற்று. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிட முடியாதா?"